விறகை உமி என்று எழுதியவன்

ஒரு பெண் சொன்னதை நான் வேண்டுமென்றே மாற்றி மொழிபெயர்த்தேன். அதனால் அவள் பிழைப்பு போயிற்று. மொழி தெரியாமல் நேர்ந்த பிழை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. தமிழ், ஆங்கிலம் இரண்டையும் நன்றாகப் படித்தவன் நான்.

அப்போது ரங்கூனில் பள்ளி வாத்தியார் வேலையை விட்டு, லத்தா பேட்டையில் ஒரு மாடியறையில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாங்காக்கில் கடை வைத்திருந்த ஓர் அம்மாள் தங்கள் ஊர்ப் பாரம்பரியக் கைத்தறிப் பட்டுத் துணியை, கூலி குறைவென்று, ரங்கூனுக்கு அக்கரையில் தன்லியின் ஊரில் நெய்து வாங்கினார். துணிக்காக எவ்வளவு கரிப்புகை வானத்துக்குப் போகிறது என்று கேட்டு வாங்குகிறவர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். நூலில் அரக்குச் சிவப்பு ஏற்ற நாள் முழுக்கக் கொதிக்கும் சாயப்பானைதான் அதிகம் எரிப்பது. அதனால் மரம் வெட்டி விறகு எரிக்கக் கூடாது, ஆலையில் மிஞ்சும் நெல் உமிதான் எரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். என்ன எரித்தோம் என்று மாதாமாதம் எழுதி அனுப்புவது என் வேலை.

சாயம் காய்ச்சியவள் நம் தமிழ்ப் பெண், துறைமுகக் கூலியின் பேத்தி. வாத்தியாராக இருந்தவன் என்பதால் என்னைப் பர்மிய வழக்கப்படி 'சயா' என்பாள். பெரும்புயல் அடித்த வருடம் உமிக்கொட்டகையின் கூரை பறந்துவிட்டது.

"சயா, உமியெல்லாம் ஊறிப் போச்சு. புகையுதே தவிர எரியல. நூலு பாதிச் சிவப்புல நிக்குது" என்றாள்.

"தெருவெல்லாம் மரம் விழுந்து கிடக்குதே. வெட்டி எரி."

"தாள்ல என்னன்னு எழுதுவீங்க?"

"அது என் பாடு."

"நீங்க எழுதிட்டா விறகும் உமிதான்" என்று சிரித்தாள்.

விழுந்த மரங்கள் தீர்ந்தன. மின்சாரம் இல்லாததால் அரிசி ஆலைக்காரர்கள் உமியைத் தங்கள் இயந்திரத்துக்கே வைத்துக்கொண்டார்கள். அவள் கேட்டபோதெல்லாம், விறகே வாங்கு என்றேன். நான் உமி என்றே எழுதினேன்.

ஒருநாள் அந்த அம்மாள் சொல்லாமல் வந்து நின்றார். சுவரோரம் அடுக்கியிருந்த கட்டைகளைக் காட்டி, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சயாதான் எரிக்கச் சொன்னாருன்னு சொல்லுங்க. உமி நனைஞ்சது, ஆலையில தராதது எல்லாத்தையும் சொல்லுங்க" என்றாள் அவள். என்னைப் பற்றிய குற்றச்சாட்டை என் வாயாலேயே சொல்லிவிடுவேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

நான் அந்த அம்மாளிடம் திரும்பி, ஆங்கிலத்தில், "எனக்குத் தெரியாமல் செய்துவிட்டாள், மன்னிப்புக் கேட்கிறாள்" என்றேன்.

அந்த அம்மாள் தலையாட்டினார். விஷயம் முடிந்தது என்று நினைத்து அவள் எங்கள் இருவருக்கும் தேநீர் கொண்டுவந்தாள். நானும் குடித்தேன்.

அடுத்த மாதம் சாயவேலை தாய்லாந்துக்குப் போயிற்று. சாயமேற்றிய நூல் அங்கிருந்து லாரியில் வந்தது. நெசவு மட்டும் இங்கே. அந்த லாரியின் புகையை யாரும் எழுதச் சொல்லவில்லை.

"உள்ளதைச் சொல்லியுமா சயா?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

பொய் சொன்னவள் என்ற பேச்சு மற்றப் பட்டறைகளுக்கும் போய்விட்டது. யாரும் அவளைச் சேர்க்கவில்லை. அவள் துணி துவைக்கப் போனாள். ஒன்றரை வருடம் கழித்துத்தான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அந்த அம்மாளுக்கு எழுதினேன். அவளை மறுபடி வேலைக்கு வைக்கும்படி கேட்டேன். பதில் மரியாதையாக வந்தது. என் பழைய அறிக்கைகள் எதையும் இனி நம்ப முடியாது, அவற்றைக் காட்டித் துணி விற்றதற்காக வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது, ஆகவே நெசவையும் நிறுத்துகிறோம் என்றிருந்தது. பதினொரு தறிகள் நின்றன.

அவள் வீட்டுக்குப் போய் நடந்ததை முழுவதும் சொன்னேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா எனக்கு ஆகியிருக்கும். இன்னைக்கு யாருக்குச் சொன்னீங்க? என் தங்கச்சி அந்தத் தறியிலதான் உக்காந்திருந்தா."

அந்த வருட மழைக்காலம் முடிவதற்குள் அவள் தங்கை எல்லை தாண்டி தாய்லாந்துக்கு ஏதோ தொழிற்சாலை வேலைக்குப் போனாள். முதல் சில மாதங்கள் கடிதம் வந்ததாம். பிறகு வரவில்லை.