ராவுத்தர் குதிரைக்கு உப்புக் கொள்ளு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். மறதியும் அதிகம். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க இன்னும் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

மரக்காணத்தில் எங்கள் அம்மன் கோயிலுக்கு எதிரே ராவுத்தர் சாமி இருக்கிறார். சிலை கிடையாது. ஒரு கல், பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த மண்குதிரை. அவர் அம்மனுக்குக் காவல். தீமிதிக்கு ஒரு வாரம் முன்னால் அவருக்குச் சுருட்டும், குதிரைக்கு வேகவைத்த கொள்ளும் வைப்போம். கொள்ளு வேகவைப்பது எங்கள் வீட்டுப் பெண்கள் பொறுப்பு. அதில் உப்பு போடக்கூடாது. போட்டால் மழை வந்து உப்பளத்துப் பாத்தியில் விளைந்த உப்பைக் கரைத்துவிடும் என்று என் மாமியார் சொல்லுவார். வருஷம் பூரா உப்பிலேயே நிற்கிற எங்களுக்கு அந்த ஒரு பானையில் மட்டும் உப்பு கிடையாது.

போன வருஷம் எனக்கு முட்டிவலி. மருமகளை வேகவைக்கச் சொன்னேன். அவள் மேற்கே விவசாயம் பார்க்கிற ஊரிலிருந்து வந்தவள். கொள்ளைப் பதமாகத்தான் வேகவைத்தாள். குதிரை முன்னால் வைத்த பிறகு மிச்சத்தை எல்லோருக்கும் பிடி பிடியாகக் கொடுத்தோம். பக்கத்து வீட்டுக்காரி வாயில் போட்டு மென்றாள், நின்றாள், என் மருமகளைப் பார்த்தாள்.

“ஏம்மா, கொள்ளு வச்சியா, ஊறுகா வச்சியா குதிரைக்கு?”

பெண்கள் சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை. உலை கொதித்ததும் கை பழக்கத்தில் உப்பை அள்ளிப் போட்டிருக்கிறாள். அது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் தெற்கே கருத்துக்கொண்டு வந்தது. நாங்கள் குத்தகைக்கு எடுத்த பாத்திகளில் உப்பு விளைந்து வாருகிற பதத்தில் கிடந்தது. என் மகனும் ஆட்களும் விடியும்போதே வாரப் போய்விட்டார்கள். மருமகள் ஒரு வாய் சாப்பிடவில்லை. மழை பெய்தால் இவள் போட்ட உப்பால்தான் பெய்தது என்று அவள் சாகும் வரைக்கும் ஊர் சொல்லும். உப்பு போனால் அடுத்த வருஷம் விளையும். அந்தப் பேச்சு போகாது. எனக்கு அந்தப் பயம்தான்.

திரும்பவும் கொள்ளு வைத்துவிடலாம் என்று கடைத்தெருவுக்குப் போனேன். தவிடு, புண்ணாக்கு, கொள்ளு எல்லாம் விற்கிற பாய் கடையில்தான் எப்போதும் வாங்குவது. அவருக்கு என் மகன் வயசு இருக்கும்.

“முந்தாநேத்துதான வாங்கினீங்க ஆயா? குதிரை அதுக்குள்ள தின்னுட்டுதா?” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தராசை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, ராவுத்தர் என்றால் என்ன தெரியுமா என்றார். சாமி பேர் என்றேன். இல்லையாம். அந்தக் காலத்தில் குதிரை மேல் இருந்து சண்டை போட்ட சிப்பாய்க்குத்தான் அந்தப் பேராம். வார்த்தை வடக்கே இருந்து வந்ததாம், முதலில் ராஜா வீட்டுப் பிள்ளை என்று அர்த்தமாம். பாய் வீட்டிலும் ஆண்கள் பேருக்குப் பின்னால் ராவுத்தர் என்று போடுவார்களாம். நான் இத்தனை வருஷம் கொள்ளு வேகவைத்திருக்கிறேன், எங்கள் சாமி ஒரு சிப்பாய் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

“எங்க தாத்தா ஜட்கா வண்டி ஓட்டினாரு ஆயா. வேர்த்துட்டு வர்ற குதிரைக்குக் கொள்ளுல உப்பு போடாம வைக்கமாட்டாரு. ஜட்கா குதிரைக்கே அப்படின்னா சண்டைக்குப் போற குதிரைக்குக் கேக்கணுமா?”

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கின மாதிரி இருந்தது. ஆனால் இதை நான் போய்ச் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றுதான் மருமகள் நினைப்பாள். போனை எடுத்து அவளுக்குப் போட்டு, நீங்களே சொல்லுங்கள் பாய் என்று அவர் கையில் கொடுத்தேன். நான் ஒருவரிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஸ்பீக்கரில் போட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னார். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

“சாமி கோச்சுக்காதா பாய்?”

“சாமிய பத்தி நான் என்னம்மா சொல்றது? குதிரைய பத்தி சொல்றேன். குதிரை கோச்சுக்காது.”

அவள் சிரித்தது கடைக்கு வெளியே வரை கேட்டது.

பாய் கொள்ளு நிறுக்கவில்லை, வேண்டாம் போங்க என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தபோது மருமகள் பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாயந்தரம் தூறல் போட்டது. அதற்குள் ஆண்கள் பாதிக்கு மேல் வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். காற்று திரும்பி மேகம் கடல் பக்கம் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஏதோ சொல்ல வந்தாள். மருமகள் முந்திக்கொண்டு, “ராவுத்தரு சிப்பாய் அக்கா, அவரு குதிரைக்கு உப்பு வேணும்” என்றாள்.

இந்த வருஷமும் அவள்தான் வேகவைத்தாள். உப்பைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தாள். போடு என்று தலையை ஆட்டினேன்.

ராவுத்தர் என்ற வார்த்தை வடக்கே இருந்துதான் வந்ததா, ராஜா பிள்ளை என்பதுதான் அர்த்தமா, விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். குதிரைக்கு உப்பு ஆகுமா என்பதையும் குதிரை வைத்திருக்கிறவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். ஆகாது என்றால் எனக்கு மட்டும் சொல்லுங்கள், மருமகளுக்குத் தெரிய வேண்டாம்.