படம் நின்னுபோன நேரம்

தொட முடியாத தூரத்துல இருக்கற புள்ளைக்கு வைத்தியம் பாக்கறது எங்க தொழில். போன்ல முகம் காட்டியே வேலை பாக்கற உங்களுக்கெல்லாம் இந்த நடுக்கம் சொல்லாமலே புரியும்.

நான் எட்டாவது தாண்டாதவ. ஒரத்தநாட்டுப் பக்கம், கை கால் சரியா வராத புள்ளைங்களுக்கான மையத்துல ஆயா. வீடியோ கால்ல எப்படிப் பயிற்சி கொடுக்கணும்னு புது தெரபிஸ்டுகளுக்குச் சொல்லித் தர்ற நாள்ல மட்டும் எனக்கு 'அம்மா' வேஷம். பக்கத்து ரூம்ல ஒரு போன், மடியில ஒரு பொம்மை. அவங்க சொல்றதை மட்டும் செய்யணும், எனக்குத் தெரிஞ்சதைச் செய்யக் கூடாது.

சொன்னபடி செஞ்சேன்

புது தெரபிஸ்டுல ஒருத்தி மன்னார்குடிப் பொண்ணு நித்யா, நல்லாப் படிச்சவ. "புள்ளையைத் தூக்கி உக்கார வைங்கம்மா"ன்னா. எப்படின்னு சொல்லலை. ஒரு கையைப் புடிச்சுத் தூக்கினேன். பொம்மைத் தலை பின்னால தொங்கிருச்சு. போனை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தா. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு.

"ஆயாம்மா, நல்லவேளை இது பொம்மை!"

அசையாத புள்ள

நித்யாவோட முதல் நெச வீடியோ கால். பேராவூரணிக்கு அந்தாண்ட கடலோரம், செல்வின்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் மீன் புடிக்க போட்டுல போறவர். மகனுக்கு நாலு வயசு, கழுத்து நிக்காது. கஞ்சி ஊட்டற முறையைக் கத்துக்கொடுக்கணும். நாலாவது கரண்டி உள்ள போச்சு. புள்ள அசையாம இருந்தான். "சூப்பர்! இருமவே இல்லை"ன்னு நித்யா சிரிச்சா.

பக்கத்துல நின்ன நான் போன்கிட்டக் குனிஞ்சேன். அதுவரைக்கும் கேட்டுக்கிட்டிருந்த காத்துச் சத்தம், கோழிச் சத்தம் ஒண்ணையும் காணோம். பின்னால கொடியில காயற கைலி பாதி பறந்தபடி நிக்குது. "பாப்பா, படம் நின்னுபோச்சு!"ன்னேன். சாதா போன்ல அடிச்சோம். ரிங் போகுது, எடுக்கலை. மறுபடி அடிச்சோம், எடுக்கலை. நித்யா என் முழங்கையைப் புடிச்ச இடத்துல நகம் பதிஞ்சிருந்துச்சு. மூணாவது தடவைதான் செல்வி எடுத்தா. புள்ள அழற சத்தம் கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. புரையேறியிருக்கு. செல்வியே முன்னால சாய்ச்சுப் புடிக்க, இருமி வெளியே தள்ளிட்டான்.

"எம்புள்ள மூச்சுக்குத் திணறுறான், நான் கத்தறேன், நீங்க போன்ல சிரிச்ச மேனிக்கே நின்னுபோயிட்டீங்களேம்மா!"

செல்வி போட்ட சட்டம்

நித்யா ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை. இனிமே வரமாட்டேன்னா. செல்வி இனிமே போன் எடுப்பாளாங்கறதே சந்தேகம். அடுத்த வாரம் அவளே கூப்பிட்டா. லைன் போனா என்ன செய்யணும், புரையேறினா எப்படிப் புடிக்கணும்னு முதல்ல சொல்லுங்க, கஞ்சி அப்புறம்னா. வரமாட்டேன்னு சொன்ன நித்யாவே போன் முன்னால உக்காந்து ஒவ்வொண்ணாச் சொல்ல, செல்வி திருப்பிச் சொன்னா. கரண்டியை எடுக்கறதுக்கு முன்னால இன்னொண்ணும் சொன்னா.

"டாக்டரம்மா, தலையை ஆட்டிக்கிட்டே இருங்க, அப்பத்தான் நீங்க லைன்ல இருக்கீங்கன்னு தெரியும்."

இப்போ எங்க ஹால்ல ஆறு தெரபிஸ்டுங்க ஆறு போனைப் பாத்து விடாம தலையாட்டிக்கிட்டிருக்காங்க, புதுசா வர்றவங்க வைத்தியம் யாருக்குன்னு என்னைத்தான் கேக்கறாங்க.