கல்லான தாய் எழுந்து நடந்த மாலை

"படமா எடுத்து நாவலைக் கெடுத்துட்டாங்க" என்று யாராவது சலித்துக்கொண்டால் நான் சண்டைக்குப் போவேன். கெடுக்கட்டும். மலையாளக் கரையில், சுள்ளிக்கல்லில் ஒரு வீட்டு முன்னறையில், கெடுத்த கதை ஒன்று என்ன செய்தது என்று கண்ணால் பார்த்தவள் நான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. துபாயிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அண்ணன், நாங்கள் கூப்பிடும் இக்கா, எங்கள் தெருவின் முதல் வீடியோ டெக்கை இறக்கியிருந்தார். கூடவே ஒரு ஜப்பான் கார்ட்டூன் கேசட், பேச்செல்லாம் அரபி. அனிமே என்ற சொல்லை அப்போது யார் கண்டது? அட்டையில் இருந்த கல் பெண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வாசகசாலையில் மலையாளத்தில் படித்த மாயக்கதை நாவல். இக்கா என்னை டிவி பக்கத்தில் உட்காரவைத்தார். "மோளே, நீ கதை பறயணும்." அரபி ஓட ஓட நான் தமிழில் சொல்லவேண்டுமாம்.

சுக்குக் கிடங்கில் வேலை முடித்த பெண்கள் தலைத்தூசியோடு வந்து நிறைந்தார்கள். சித்தியும் வந்தாள். சித்தி மகள் எதிர்ச்சுவரோரம் போய் உட்கார்ந்தாள். சித்தப்பாவின் அடி தாங்காமல் ஓடிவந்த நாளில் சித்தி விட்டுவந்த கைக்குழந்தை அவள். அங்கேயே வளர்ந்து, முதல் தடவையாக லீவுக்கு வந்திருக்கிறாள். இன்னும் 'அம்மா' என்று அழைக்கவில்லை. "அவங்களைக் கேளு" என்பாள் என்னிடம், சித்தி எதிரிலேயே.

கதை எனக்குத் தெரியும், அதுதான் பயம். அரக்கனுக்கு அஞ்சிக் குழந்தையைக் காட்டில் விட்டு ஓடுகிறாள் தாய். சாபத்தில் கல்லாகிறாள். குழந்தை வளர்ந்து அந்தக் கல்லைக் கடந்துபோகிறது. முற்றும். புத்தகத்தில் இரக்கம் கிடையாது.

படத்தில் ஒரு ராஜா வந்தான். "ராஜாவுக்கு எம்மாம் பெரிய கண்ணுடி! இந்தக் கண்ணோட சுக்குல கல்லு பொறுக்க வந்தா முதலாளி கோயில் கட்டுவான்" என்றாள் ஒருத்தி. சிரிப்பு. கதையில் நான் தாய் கல்லான இடத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன்.

திரையில் கல் வெடித்தது. தாய் எழுந்தாள். மகள் எதிரே நின்று அரபியில் கத்தினாள். என் புத்தகத்தில் இப்படி ஒரு பக்கமே இல்லை.

"பறயு மோளே!"

"புஸ்தகத்துல இது இல்ல, இக்கா."

"புஸ்தகம் போகட்டே! அந்தக் குட்டி என்ன கேக்குது?"

சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "ஏன் என்னை விட்டுட்டுப் போனேன்னு கேக்குது. வேற என்ன கேக்கும்?"

திரையில் தாய் வாய் திறந்தாள். சித்தி பேசினாள், டிவியைப் பார்த்தபடியே.

"தூக்கிட்டு ஓடினா ரெண்டு பேரையும் கொன்னிருப்பான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நெசம் அதில்ல. பயம். உன்னை நெனைக்கக்கூட விடாத பயம். பின்னால வந்து வாசல்ல நின்னேன். கதவு தொறக்கல. ஆனாலும் தப்பு தப்புதான்."

திரையில் மகள் மன்னிக்கவில்லை. திரும்பி நடந்தாள். கொஞ்ச தூரம் போய் நடையைக் குறைத்தாள், தாய் எட்டிப் பிடிக்கும் அளவுக்கு. அவ்வளவுதான் படம். சாபத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேள்வியை வைத்திருந்தார்கள் அந்தக் கடல் தாண்டிய மகராசர்கள்!

"ஒருக்கா கூடி இடு, இக்கா!" கிடங்குப் பெண்கள் கூவினார்கள். கேசட் பின்னோக்கி ஓடியது. தாய் மறுபடி கல்லானாள், மறுபடி வெடித்தாள். இந்தத் தடவை மகளுக்கும் தாய்க்கும் குரல் தயாராக இருந்தது. எனக்கு வேலையே இல்லை.

வீடு திரும்பும்போது சித்தி மகள் முன்னால் விறுவிறுவென்று போனாள். மிளகு வாசம் ஏறிய திருப்பத்தில் நடை தளர்ந்தது. திரும்பாமலே சொன்னாள்:

"சீக்கிரம் வாம்மா. சாயாக்கடையைச் சாத்திருவாங்க."

சித்தி ஓடினாள். கல் ஓடி நான் பார்த்திருக்கிறேன்.