அக்கரை என்றால் எந்தக் கரை?

இது உண்மைக் கதை. ஒரு சொட்டுப் பொய் கிடையாது. சரி, ஒரு சொட்டு இருக்கும். முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு குடம் இருக்கும். ஆனால் ஆறு உண்மை, லாரி உண்மை, அந்த லாரியை ஓட்டுகிறவள் உண்மையிலும் உண்மை. அவள் வருகிறாள் என்று தெரிந்தாலே சந்தில் நிற்கிற வண்டிகள் எல்லாம் தானாக ரிவர்ஸ் எடுக்கும் என்று சொன்னால், அந்த ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் காற்று ஊதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் எல்லோருக்கும் அவள் டிப்பர் அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். பல்லெல்லாம் கொட்டிப்போன ஒரு பெரியவர் ஒருநாள், "அக்கா, கொஞ்சம் வண்டியை நகர்த்தேன்" என்றார். அவளும் நகர்த்திவிட்டு, "பார்த்துப் போடா தம்பி" என்று வழியனுப்பினாள்.

பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் ஒத்துவரவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டில் பஞ்சராகி நின்றவள்தான், அப்புறம் அந்த வண்டி கிளம்பவே இல்லை. அப்பாவிடம் செங்கல் ஏற்றுகிற ஓட்டை லாரி ஒன்று இருந்தது. கால் எட்டாத வயதிலேயே பெடலில் செங்கல்லைக் கட்டி ஓட்டிப் பழகினாள். அப்பா போன பிறகு தம்பி வியாபாரத்தைப் பார்த்தான், இவள் ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். தம்பிக்கு ஒரு லாரி பல லாரி ஆனது, பெயருக்கு முன்னால் காண்ட்ராக்டர் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆற்றின் மேட்டுக்கரையில் மாடி வீடு கட்டிக் குடியேறினான். அவள் பள்ளக்கரையில், பிறந்த தெருவிலேயே, ஒரு தையல்காரரைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள்.

தையல்காரர் சைக்கிள் மணி கேட்டாலே சுவரோடு ஒட்டிக்கொள்கிற ஆள். அவருக்கும் அவளுக்கும் எப்படிப் பொருந்தியது என்று கேட்டால், "வீட்டுல ஒரு ஹாரன் போதும்" என்பார். தொழிலில் கை சுத்தம், நேரம்தான் அசுத்தம். எப்போது போய்க் கேட்டாலும் ஒரே பதில்: "நாளைக்கு." தன் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு மகள் கல்யாணத்துக்குப் போனவர் ஒருவர் இன்னும் அந்தத் தெருவில் இருக்கிறார். நல்ல வேளை, அளவு சரியாக இருந்தது என்று அவருக்குச் சந்தோஷம்.

இப்போது ஆற்றுக்கு வருவோம்.

அந்த ஆறு முன்பெல்லாம் நேராக நடக்கத் தெரியாத ஆறு. இங்கே ஒரு வளைவு, அங்கே ஒரு நெளிவு, யாரிடமாவது பேச நின்றுவிட்டுத்தான் நகரும். மழை வலுத்தால் பள்ளக்கரைத் திடலில் ஏறும். பெரிய திடல். மேய்கிற மாடு மறு ஓரம் போய்ச் சேர்வதற்குள் கன்று போட்டுவிடும், அவ்வளவு பெரிசு. அந்தத் திடலில் ஆறு காலை நீட்டி உட்காரும். சில நாள் உட்கார்ந்து களைப்பாறிவிட்டு, வண்டலைக் கீழே விட்டுவிட்டு எழுந்து போய்விடும். தெருப் பக்கம் திரும்பியும் பார்க்காது.

பிறகு மனிதர்கள் அதைத் திருத்தக் கிளம்பினார்கள். மணலை அள்ளினார்கள், அள்ளினார்கள், பாலத்தின் தூண்கள் வேட்டி அவிழ்ந்த ஆளைப்போல இடுப்பு தெரிய நிற்கிற வரைக்கும் அள்ளினார்கள். வளைவுகளை வெட்டி ஆற்றை நேராக்கினார்கள். நேரானதும் அதற்கு நடை மறந்துபோய் ஓட்டம்தான் வந்தது. மேட்டுக்கரை வீடுகளுக்கு ஆபத்து என்று அந்தப் பக்கம் நீளமாக ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். சுவரில் முட்டிய தண்ணீர் தலையைத் தடவிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பியது. இந்தப் பக்கமோ திடலைத் துண்டு துண்டாக மூடி பஸ் நிறுத்துகிற கொட்டகை, எடை மேடை, வரிசை வீடுகள் என்று கட்டிவிட்டார்கள். ஒரே ஒரு துண்டுதான் மிச்சம்.

போன பெருமழைக்கு அந்தத் துண்டு போதவில்லை. உட்கார இடம் கிடைக்காத விருந்தாளி நேராக உள்ளே நுழைந்துவிட்டது. விடிகிற நேரத்தில் தையல்காரர் கட்டிலோடு மிதந்து சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தார். "யாரோ தொட்டில் ஆட்டுற மாதிரி சுகமா இருந்துச்சு, எழுந்திருக்க மனசே வரல" என்று அப்புறம் சொன்னார். அவர் சட்டைப் பையில் ஒரு கெண்டை மீன் இருந்தது. பையின் தையலைப் பாராட்டத்தான் வந்திருக்க வேண்டும். தையல் மெஷின் மட்டும் சேற்றில் புதைந்துபோய், மாதக்கணக்கில் மண்ணெண்ணெயில் குளித்த பிறகுதான் வாய் திறந்தது.

அக்கா கரண்டியால் சுவரில் சேற்றைச் சுரண்டிக்கொண்டே அன்றைக்குச் சொன்னாள்: "அந்த மிச்சத் துண்டுல எவனாவது ஒரு கூடை மண்ணு போட்டான்னா, அவன் கூடையை அவன் தலையிலேயே கவுப்பேன்."

அந்த எவன், அவளுடைய தம்பியாகத்தான் வந்து நின்றான்.

"அக்கா, திடல் நம்ம கைக்கு வந்தாச்சு. கிடங்கு கட்டப் போறேன். மேட்டுக்கரையில பழைய சினிமாக் கொட்டகையை இடிக்கிறாங்க இல்ல, அந்த இடிபாடு மொத்தமும் அங்கதான். முதல் லோடு உன் கையால. உன் கை ராசியான கை."

"ராசியான கைதான். அதனாலதான் சொல்றேன், வேணாம்."

"ஏன்?"

"தண்ணி எங்கடா உட்காரும்?"

"தண்ணி என்ன சீட்டு வாங்கிட்டா வருது? அது பாட்டுக்குப் போயிடும்."

"எங்க போகும்? என் வீட்டுக்குத்தான் போகும். போன தடவ உங்க மாமா கட்டிலோட சமையலறைக்குப் போனாரு. திடலையும் மூடினா இந்த தடவ கட்டிலோட கடலுக்கே போயிடுவாரு."

"மாமாவுக்கு நான் நல்ல உயரமான கட்டிலா வாங்கித் தரேன்."

"தெரு முழுக்க வாங்கித் தருவியா?"

தம்பி சிரித்தான். கோபம் வந்தால்தான் அவன் சிரிப்பான். "நீ ஓட்டலேன்னா வேற ஆள் ஓட்டுவான் அக்கா. வண்டி என்னுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் அக்கா வேலைக்கு வந்தாள். வராமல் வீட்டில் உட்கார்ந்தால் இன்னொருவன் அவள் இருக்கையில் உட்காருவான், மற்ற வண்டிகள் அவன் பின்னால் போகும். அவள் முன்னால் நின்றால் அத்தனை வண்டிகளும் அவள் பின்னால்தான் வரும். அதற்கு மேல் அவளிடம் எந்தத் திட்டமும் இல்லை. வாயில் வசவு மட்டும் நிறைய இருந்தது.

மேட்டுக்கரையில் லாரிகள் இடிபாட்டை ஏற்றிக்கொண்டு வரிசையாக நின்றன. போன் அடித்தது. தம்பிதான்.

தம்பியின் பேச்சில் ஒரு பழக்கம் உண்டு. மேட்டுக்கரையில் குடியேறிய நாளிலிருந்து பள்ளக்கரைக்கு அவன் வைத்த பெயர் அக்கரை. பிறந்த தெருவைக்கூட அக்கரை என்றுதான் சொல்வான். அன்றைக்கு அவன் எல்லைக் கம்பு நடுவதற்காகப் பாலத்தைத் தாண்டி, திடலிலேயே வந்து நின்றிருந்தான். ஆள் கரை மாறிவிட்டான், வாய் மாறவில்லை.

"என்னக்கா, லோடு ஏறியாச்சா? எல்லா வண்டியையும் அக்கரையில கொட்டச் சொல்லு."

அக்காவுக்குச் சட்டென்று காது கூர்மையானது. போனை எல்லா டிரைவர்களுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, நீ இப்ப எங்க நிக்கிறே?"

"திடல்லதான். ஏன்?"

"திடல்ல நின்னுக்கிட்டு அக்கரைன்னா, எந்தக் கரைடா?"

"ஐயோ! அக்கரைன்னா அக்கரைதான்! இவ்வளவு வருஷமா ஓட்டுற, அக்கரை தெரியாதா உனக்கு? வாசல்லேயே கொட்டுங்க, நான் அப்புறம் பரப்பிக்கிறேன்."

"வாசல்லேயேவா?"

"வாசல்லேயே! கொஞ்சம் அக்கறையா கொட்டுங்க!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டான்.

அக்கா டிரைவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்க இல்ல? திடல்ல நிக்கிறவனுக்கு அக்கரை இந்தக் கரை. இந்தக் கரையில அவனுக்கு இருக்கிற வாசல் ஒண்ணே ஒண்ணு. முதலாளி சொல்லைத் தட்டக்கூடாது, வாங்கப்பா."

ஒல்லி டிரைவர் ஒருவன் தலையைச் சொறிந்தான். "அக்கா, அவரு அப்படிச் சொன்ன மாதிரி தெரியலையே."

"அப்ப நீயே போன் பண்ணி அக்கரைக்கு அர்த்தம் கேளு."

கோபத்தில் இருக்கிற முதலாளிக்கு யார் போன் பண்ணுவார்கள்? வண்டிகள் கிளம்பின. காண்ட்ராக்டர் வீட்டு கேட்டுக்கு எதிரே முதல் லாரி தொட்டியைத் தூக்கியது. பின்னால் வந்ததும் தூக்கியது. அதற்குப் பின்னால் வந்ததும் தூக்கியது. செங்கல், காரை, உடைந்த படிக்கட்டு, சினிமாக் கொட்டகையின் டிக்கெட் ஜன்னல் என்று குவிந்து, மாடியைத் தாண்டி, ஒரு மேகத்தை லேசாக உரசுகிற வரைக்கும்...

"போன தடவ சொன்னப்ப இடுப்பு உயரம்னீங்க" என்று பெஞ்சில் காத்திருக்கிற ஒருவர் குறுக்கே புகுந்தார். என் முடிவெட்டும் கடையில் இதுதான் தொல்லை, கதை கேட்க வருகிறவர்களுக்கு ஞாபகசக்தி அதிகம். போன தடவை சொன்ன பிறகு அது வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மேலே கேளுங்கள்.

தம்பி பெண்டாட்டி ஜன்னலைத் திறந்தாள். "அண்ணி! இது என்ன?"

"கிடங்கு கட்டப் போறாராம்மா உன் வீட்டுக்காரரு. வாசல்லேயே கொட்டச் சொன்னாரு."

"கார் எப்படி வெளிய போகும்?"

"அது பாட்டுக்குப் போயிடும்" என்றாள் அக்கா.

தம்பி வந்து சேர்ந்தபோது அவன் முகம் செங்கல் சூளை மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தான்.

"வழியை மூடிட்டியே அக்கா. நான் வீட்டுக்குள்ள எப்படிப் போறது?"

"இதைத்தான் நேத்திலிருந்து நானும் கேக்கிறேன். வழியை மூடினா ஆறு எப்படிப் போறது?"

"அது ஆறு. இது வீடு!"

"அதுக்கு அது வீடுடா. நீ பக்கத்து சந்துல புகுந்து கொல்லைப் பக்கமாப் போ. அதுக்கும் வேற வழியில்லாம என் வீட்டுக் கொல்லைப் பக்கமாத்தான் வருது."

"சாவியைக் குடு."

குடுத்தாள். கையில் குடுக்கவில்லை, குவியலின் மேல் வீசிவிட்டாள். அவன் ஏறித் தேடி எடுத்தான். அவன் இறங்கி வருவதற்குள் அவள் பாலத்தில் பாதி தூரம் நடந்திருந்தாள்.

மறுநாள் காலையில் தம்பியே முதல் லாரியை ஓட்டிக்கொண்டு பள்ளக்கரைக்கு வந்தான். திடலுக்குப் போக ஒரே வழி அக்காவின் தெரு. தெருவின் நடுவில் ஒரு தையல் மெஷின். அதன் முன்னால் ஸ்டூலில் தையல்காரர். கை உதறியது, கால் உதறியது, உதறல்தான் பெடலை மிதித்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பக்கத்தில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

தம்பி ஹாரன் அடித்தான். தையல்காரர் ஒரு முழம் துள்ளி, அதே ஸ்டூலில் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"மாமா, நகருங்க."

"நகர்றேன் மாப்ள. கையில ஒரு சட்டை இருக்கு. முடிச்சிட்டு நகர்றேன்."

"எப்ப முடியும்?"

தையல்காரர் ஊசிக்கு நூல் கோத்தார். துணியைத் திருப்பினார். கண்ணாடியைத் துடைத்தார்.

"நாளைக்கு."

அந்தத் தெருவில் அவரிடம் ஏமாறாத வீடு கிடையாது. எல்லா வீட்டு ஜன்னல்களும் ஒரே நேரத்தில் சிரித்தன. கதவைத் திறந்துகொண்டு பெண்கள் வந்தார்கள், ஆளுக்கொரு துணி. "எனக்கும் ஒரு பாவாடை இருக்கு." "எனக்குத் தலையணை உறை." "எனக்கு ஜன்னல் திரை, அவசரமே இல்ல, மெதுவாத் தைங்க." துணி ஸ்டூலைச் சுற்றிக் குவிந்தது. லாரி இன்ஜின் உறுமி உறுமி, கடைசியில் வெட்கப்பட்டு நின்றது.

அடுத்த நாளும் தம்பி வந்தான். "காஜா எடுக்கணும், நாளைக்கு." அதற்கடுத்த நாளும் வந்தான். "கழுத்து கொஞ்சம் தூக்குது, பிரிச்சுத் தைக்கணும், நாளைக்கு." அன்றைக்குத் தையல்காரரின் கை உதறவில்லை. ஹாரன் அடித்ததற்கு, "சத்தம் போடாதீங்க மாப்ள, கோடு கோணுது" என்றுகூடச் சொல்லிவிட்டார். அக்காவே திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள், இது நம் ஆள்தானா என்று.

அந்த நாளைக்குகளுக்கு நடுவில்தான் மழை பிடித்தது. சாதாரண மழையா? தவளைகளே குடை தேடின. ஆறு நேர்வெட்டில் ஓடிவந்தது, சுவரில் முட்டியது, திரும்பியது. திரும்பி, அந்த மிச்சத் துண்டில் ஏறி உட்கார்ந்தது. தெருவுக்குள்ளும் ஒரு கால் நீட்டியது. அக்கா வாசற்படியில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கடைசிப் படியை நனைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டது. வீட்டுக்குள் வரவில்லை.

தம்பி நனைந்துகொண்டே வந்து அவள் பக்கத்தில் நின்றான். திடல் முழுக்கத் தண்ணீர், அவன் நட்ட கம்புகளின் தலை மட்டும் தெரிந்தது.

"இவ்வளவும் எங்கக்கா போயிருக்கும்?"

"உள்ள வா, கட்டில் எதுவரைக்கும் மிதக்கும்னு காட்டுறேன்."

அவன் உள்ளே வரவில்லை. ஆள் அக்கா பிறந்த வயிற்றில் பிறந்தவன் ஆயிற்றே, அவ்வளவு சீக்கிரம் இறங்கிவருவானா? "மழை விடட்டும், பார்த்துக்கறேன்" என்றான்.

"பாரு. தெருவோட துணி நிறையக் கிடக்கு, உங்க மாமா இன்னும் பட்டன்கூடத் தைக்கல."

மழை விட்டது. தண்ணீர் இறங்கிவிட்டது, வண்டல் கிடக்கிறது. மேட்டுக்கரைக் குவியலைத் தம்பி வேறெங்கோ கைவிடப்பட்ட கல்குழிக்கு ஏற்றிவிட்டான். திடல் இன்றைக்கு வரைக்கும் திடல்தான். அக்கா இப்போது வேறொருவர் லாரி ஓட்டுகிறாள். தையல் மெஷின் இன்னும் தெரு நடுவில்தான்...

"நிறுத்துங்க!" நாற்காலியில் பாதி முகம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்த மேட்டுக்கரைக்காரர் எழுந்தே விட்டார். "அந்தக் கிடங்கு வந்திருந்தா என் பையனுக்கு அங்க வேலை. பெரிய வீராங்கனை மாதிரி கதை சொல்றீங்க!"

பெஞ்சில் இருந்தவர், இடுப்பு உயரத்தை ஞாபகம் வைத்திருந்த அதே ஆள், எழுந்தார். "உன் பையனுக்கு வேலை வேணும்னா என் வீட்டுல வெள்ளம் வரணுமா?"

"வெள்ளம் வர்ற இடத்துல உன்னை எவன்யா வீடு கட்டச் சொன்னது?"

"நான் கட்டினப்ப அது வரல. உங்க சுவர்தான் இந்தப் பக்கம் தள்ளிவிட்டுச்சு!"

"சுவர் இல்லேன்னா நாங்க மிதக்கணுமா?"

"ஒரு தடவ மிதந்து பாருங்க, அப்பத் தெரியும்!"

"நீங்க ரெண்டு பேரும் உட்காருங்கப்பா" என்று மூன்றாவது ஆள் நடுவில் வந்தார். "அந்த லாரிக்காரிதான் முதல்ல சொந்தத் தம்பி வாசல்ல..."

"அவளை லாரிக்காரின்னு சொன்னே, பல்லைப் பேத்துடுவேன்!"

நுரை பறந்தது. நாற்காலி சுழன்றது. பெஞ்சு கவிழ்ந்தது.

"கத்தியை யாராவது உள்ள வைங்கப்பா!"

"உள்ள என்ன வைக்கிறது, நீ வெளிய வாய்யா!"