கிணற்றடியில் விட்ட மருந்து

உரும்பிராயில் வெங்காயம் செய்கிறவர். பெயரைக் கேட்டிருக்க வேண்டும். நான் படிவத்தில் கிணற்றின் இலக்கத்தை மட்டும் எழுதினேன். நெடுத்த மனிதர். வாளி மேலே வந்ததும் ஒரு கை தண்ணீரை ஏந்தி முகர்ந்து பார்ப்பார், குடிக்காமல் ஊற்றிவிடுவார். கிணற்றில் பூச்சிமருந்து கலந்திருப்பது பரிசோதனையில் தெரிந்த நாளிலிருந்து வந்த பழக்கம்.

கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இரும்புத் துகள்களை மண்ணுக்குள் செலுத்தினால் அந்த நஞ்சு சிதையுமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து போயிருந்தேன். எளிமையாகச் சொல்வதாக நினைத்து, "மண்ணுக்கு ஒரு மருந்து விடப்போறம், அண்ணை" என்றேன்.

அவர் முகம் மாறியது. "மருந்தாலைதானே தம்பி கெட்டது. என்ரை கையாலை அடிச்ச மருந்து."

"இது வேறை, அண்ணை. இரும்பு."

"சரி, உங்கடை மருந்து பிழையாப் போனால் அதை எடுக்க ஆர் வருவினம்?"

"நான் வருவன்."

"ஓம், அப்ப விடுங்கோ" என்றார்.

விட்டோம். மாரிக்கு முன்பே திட்டம் நின்றுபோனது. சரிவந்ததா, பிழையாய்ப் போனதா என்று பார்க்க நான் போகவில்லை. பஸ் உரும்பிராயைக் கடக்கும்போது மறுபக்க யன்னலைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் இன்னமும் ஒவ்வொரு வாளியையும் முகர்ந்துகொண்டிருப்பார். எங்கள் மருந்துக்கு மணமில்லை என்பதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை.