ஆன்றோ தள்ளிவிட்ட பந்து

கல்லூரி கால்பந்து அணியில் ஆடுபவர்கள் வெளிப் போட்டிகளுக்குப் போகக் கூடாது என்பது கோச்சின் கண்டிப்பு. ஆன்றோ மட்டும் இராஜாக்கமங்கலம் பக்கம் தன் ஊர்க் கோயில் திருவிழாப் போட்டியில் ஆடுவான். அவனால் பெஞ்சிலேயே கிடந்த நான், வீடியோ எடுத்து அவனைக் கோச்சிடம் மாட்டிவிடத்தான் அங்கு போனேன்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "மக்கா, எனக்காவ வந்தியா? ஒரு ஆளு கொறையுது, எறங்குலே."

இறங்கினேன். அவனே அடித்திருக்கலாம், பந்தை எனக்குத் தள்ளிவிட்டான். கோல் போட்டேன்.

யாரோ எடுத்த வீடியோ கோச்சுக்குப் போனது. இருவரையும் கூப்பிட்டார்.

"நாந்தான் சார் இவன வற்புறுத்தி எறக்குனேன்" என்றான் ஆன்றோ.

அவனை மட்டும் நீக்கினார். இப்போது அவன் இடத்தில் ஆடுகிறேன். பொறாமை மட்டும் தீரவில்லை. என்னைக் காப்பாற்ற அவன் சொன்னதையே, அவனை மாட்டிவிட நான் சொல்ல வாயெடுத்திருந்தேன்.