ஓட்டைக் காலணாவும் சதுர இரண்டணாவும்

தொப்புள்கொடியைக் கட்டி முடித்த கையோடு பிரம்மநாயகி கேட்கும் முதல் கேள்வி, "ஒங்க அம்மைகூடப் பொறந்த பொம்பளைய எத்தன பேரு?" என்பதுதான். பெற்றவள் கண்ணைக்கூடச் சரியாகத் திறந்திருக்க மாட்டாள். பிள்ளையின் தகப்பன் பெயரைப் பிறகு, வெந்நீர்ப் பானையை இறக்கி வைத்துவிட்டு, சாவகாசமாகக் கேட்டுக்கொள்வாள்.

சங்கரன்கோவில் தாய்சேய் விடுதியில் பதினெட்டு வருஷமாக அவள் மருத்துவச்சி. வயது நாற்பத்தாறு. ஒல்லியான உடம்பு. கொண்டையில் எப்போதும் ஒரு மைப்பென்சில் செருகியிருக்கும். முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியதில் கீழுதட்டில் ஊதாப் பொட்டு ஒன்று நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

அவள் குடும்பங்களை வரைகிறாள். ஜவுளிக்கடைக் காலண்டரில் மாதம் முடிந்து கிழித்த தாளின் பின்புறம்தான் அவளுக்குக் காகிதம். ஆணுக்குச் சதுர இரண்டணாவை வைத்து விளிம்பைச் சுற்றி வரைவாள். பெண்ணுக்கு ஓட்டைக் காலணா. கட்டியவர்களுக்கு இடையே ஒரு கோடு, பிள்ளைகளுக்குக் கீழே கோடு. ஆறுவிரல், பிறவிச் செவிடு, காதோரத் துளை, நெற்றியில் வெள்ளைமுடி என்று எதைத் தேடுகிறாளோ அது உள்ளவர்களின் கட்டத்தைக் கறுப்பாக நிரப்புவாள். தனக்கு இல்லாமல் தன் பிள்ளைக்குக் கொடுக்கிற பெண்ணுக்கு மட்டும், காலணாவின் ஓட்டைக்குள் பென்சிலை விட்டு நடுவில் ஒரு பொட்டு.

"ஆம்பளைக்கு ரெண்டணா, பொம்பளைக்கு வெறும் காலணாவா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"காலணாவுலதான அண்ணாச்சி ஓட்டை இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு அதுலதான் காட்ட முடியும்" என்றாள்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாளிடம் இரண்டு வருஷம் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டதாம். கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவிலும், துஷ்டி வீட்டில் அழுகை ஓய்ந்த இடைவெளியிலும் கேட்டுக் கேட்டுச் சேர்த்திருக்கிறாள். யாரையும் தகப்பன் பெயரால் அறியமாட்டாள். தாலுகா கச்சேரியில் முப்பத்தோரு ஆண்டு பிறப்பு இறப்புக் கணக்கு பார்த்து ஓய்வுபெற்ற என்னை, கடைத்தெருவில் பத்துப் பேர் முன்னிலையில் "உலகம்மா மகன் அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் தாள்களில் தேதி கிடையாது. "வெள்ளம் வந்த வருசம்", "சண்டை முடிஞ்ச மறுவருசம்" என்றிருக்கும். எழுத்துப் பிழைகளை ஒரே தாளில் ஏழு எண்ணினேன். சொன்னேன். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அங்கேயே உட்கார்ந்து ஏழையும் திருத்திவிட்டு, "எட்டாவது இருந்தாலும் சொல்லுங்க" என்றாள். என் பதிவேடுகளில் ஒரு பிழை காட்ட முடியாது. ஆனால் அவற்றைத் தேடி வந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வயசுச் சான்று கேட்டவர்கள் மட்டும்தான். அவள் வாசலிலோ வாசுதேவநல்லூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். கல்யாணத் தரகர்களுக்கு மட்டும் தாளைக் காட்டமாட்டாள். "இது நோவு பாக்கதுக்கு, பொண்ணு பாக்கதுக்கு இல்ல" என்று டிரங்குப் பெட்டியைப் பூட்டிவிடுவாள்.

ஒரே ஒரு விஷயத்தில் அவள் என்னைவிடக் கறார். ஒருவர் சொன்னதை மட்டும் கேட்டுக் கட்டத்தை நிரப்பமாட்டாள். சாய்வாக மூன்று கோடு போட்டு வைப்பாள். நேரில் பார்த்தவர் இன்னொருவர் வந்து சொன்னால்தான் முழுக்கறுப்பு. சொன்னவர் பெயரையும் கிழமையையும் தாளின் அடியில் எழுதிக்கொள்வாள்.

சென்ற ஆகஸ்டில், பதினெட்டாம் தேதி புதன்கிழமை, அப்படிக் கோடு போட்ட இரண்டு கட்டங்களோடு என் வீட்டுக்கு வந்தாள். சுந்தரம்மாள் என்ற பெண்ணின் பதினொரு மாத ஆண்குழந்தைக்கு ஆவணி முதல் திங்களன்று காதுகுத்து. தாய்மாமன் ஆறுமுகச்சாமி மடியில் வைத்துக் குத்த ஏற்பாடு. அந்தக் குழந்தைக்குத் தொப்புள் விழுந்த இடத்தில் நான்கு நாள் ரத்தம் கசிந்ததைப் பிரம்மநாயகி பார்த்திருக்கிறாள். தவழ ஆரம்பித்த பிறகு முழங்காலெல்லாம் நீலம். சுந்தரம்மாளின் பெரியம்மைக்கு மேலநீலிதநல்லூரில் ஒரு மகன் செத்திருக்கிறான், பாம்பு என்றார்கள். சித்திக்கு வாசுதேவநல்லூரில் ஒரு மகன், காத்துக்கருப்பு என்றார்கள். இரண்டும் ரத்தம் நிற்காமல்தான் என்று சொன்னவள் ஒருத்தி மட்டும்.

"ரத்தம் நிக்காத நோவுன்னு நெனைக்கேன். காதுல ஊசி ஏத்தினா பிள்ளை தங்காது. சொன்னா மாமன்காரன் சிரிக்கான். ஒங்க கணக்குல ஏதும் இருக்குமா அண்ணாச்சி?" என்று, செத்த இரண்டு பையன்களின் தகப்பன் பெயரையும் எழுதிய சீட்டை நீட்டினாள்.

இருந்தது. கிராம முன்சீப்புகள் அனுப்பும் இறப்புக் குறிப்பில், அரசாங்கக் கட்டத்தில் 'இதர காரணங்கள்' என்று அடங்கிப்போகிறவற்றை நான் மட்டும் தனி நோட்டில் முழுதாக நகல் எடுத்து வைத்திருந்தேன். அன்று அவள் போன பிறகு எடுத்துப் பார்த்தேன், பத்து நிமிஷத்தில் அகப்பட்டது. 1938: பல் விழுந்த இடத்தில் ரத்தம் நில்லாமல் மூன்றாம் நாள். 1942: காலில் முள் தைத்து ரத்தம் நில்லாமல். இரண்டும் என் கையெழுத்து. வேறு ஊர், வேறு தகப்பன். இரண்டு தாய்மாரும் உடன்பிறந்தவர்கள் என்று எழுத என் நோட்டில் இடமில்லை. பன்னிரண்டு வருஷம் என் அலமாரியில் கிடந்ததை அவள் ஓட்டைக் காலணாவை வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டாள்.

வியாழன் நான் போகவில்லை. வெள்ளியன்று ஆள் விட்டுக் கேட்டாள்; தேடுகிறேன் என்று சொல்லியனுப்பினேன்.

சனிக்கிழமை காலை நோட்டோடு விடுதிக்குப் போனபோது ஆறுமுகச்சாமி மருமகனை மடியில் வைத்துக்கொண்டு தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சுந்தரம்மாள் அழுது முகம் வீங்கி நின்றாள். நான் இரண்டு பதிவுகளையும் வாசித்தேன்.

"நீரு கண்ணால பாத்தீராவே?" என்றான் அவன்.

பார்க்கவில்லை, முன்சீப்பு எழுதியதைத்தான் எழுதினேன் என்று உள்ளதைச் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. குழந்தையின் முழங்காலில் இருந்த நீலத்தை விரலால் மெல்லத் தொட்டான். மடியில் முடிந்திருந்த காதுகுத்துக் கம்பியை எடுத்துப் பிரம்மநாயகியின் மேசைமேல் வைத்தான். "குத்தல. என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றான். சுந்தரம்மாள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

பிரம்மநாயகி தாளை விரித்தாள். காலணாவை ஐந்து வட்டங்களில் வைத்து, அம்மையைப் பெற்ற ஆச்சிக்கும் அம்மைக்கும் பெரியம்மைக்கும் சித்திக்கும் சுந்தரம்மாளுக்கும் நடுவில் பொட்டு வைத்தாள். பிறகு அடியில் என் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"எப்பம் அகப்பட்டுது அண்ணாச்சி?"

"இன்னைக்குக் காலையில" என்றேன்.

என் பெயருக்குப் பக்கத்தில் 'சனி' என்று எழுதினாள். பென்சில் முனையை நாக்கில் தொட்டாள். இன்னொரு சாட்சி கேட்காமலே இரண்டு சதுரங்களையும் மூலைவரை கறுப்பாக நிரப்பினாள்.